செக்கர் பிளேட்டும் ஒரு சினைப்பசுவும்

நீங்கள் நான்கு பேரும் வரைபட அறைக்கு வந்து சேர்ந்த அன்றே, உங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். லாரியின் தளத்துக்கு எது நல்லது, மரமா, இரும்பா, அலுமினியமா? நான்காவது ஆள், பக்கத்தில் டீ எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டார். இந்தத் தொழிலில் முன்னுக்கு வரப்போகிறவர் அவர்தான் என்று நினைக்கிறேன். குடிக்கப்போகிற வாய் எது என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தது. மற்ற மூவரும், அந்த லாரியில் ஏறப்போவது எது என்று கேட்கவே இல்லை.

கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் கேட்கவில்லை. அதைத்தான் எழுதிவைத்துவிட்டுப் போகிறேன்.

இந்த மாதக் கடைசியோடு அம்பத்தூரில் இந்தப் பட்டறைக்கும் எனக்கும் கணக்குத் தீர்கிறது. முப்பத்திரண்டு வயதில் ஓய்வு என்று சொன்னால் வாட்ச்மேன்கூடச் சிரிக்கிறார். திருமுல்லைவாயிலில் ஓர் அறை எடுத்து, சொந்தமாக ஒரு வரைபலகை போடப்போகிறேன். போகிறவர்கள் அறிவுரை சொல்வது இங்கே வழக்கம். அறிவுரை எனக்கு வராது. தப்பு செய்யத் தெரியும். அதில் ஒன்றை, முழுசாக, ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் பாரிவாக்கத்துப் பெண். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போன முதல் ஆள். அதற்கு முன்னால் அப்பா போனதுண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க. டிப்ளமோ முடித்துவிட்டு எண்பதுகளின் நடுவில் இங்கே வேலைக்கு வந்தபோது, முதலாளி என் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "டைப் தெரியுமா?" என்றார். தெரியும் என்று சொன்னது என் முதல் தப்பு. இரண்டு வருடம் டைப்ரைட்டரில் உட்காரவைத்துவிட்டார். பிறகு, இங்கே இருந்த படம் வரைபவர் துபாய்க்குப் போனார். முதலாளி ஒரு வாரம் ஆள் தேடினார். கிடைக்கவில்லை. ஒரு காலையில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"படம் போடத் தெரியும்னு சொன்ன இல்ல? போட்டுக் காட்டு. ஒரு வண்டி. தப்பாச்சுன்னா மறுபடி இங்கதான், இந்த மெஷினாண்டதான். அப்புறம் படம் கிடம்னு என்கிட்ட வரக்கூடாது."

"தப்பாகாது சார்," என்றேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

அந்த ஒரு வண்டி, குத்தம்பாக்கம் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருந்த அருள்தாஸ் என்பவருடையது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தவறாமல் போவார். மற்ற ஆறு நாளும் மாடுகளுக்குத்தான். அவருக்கு ஒரே லாரி எல்லாம் செய்ய வேண்டும். சந்தையிலிருந்து மாடு ஏற்றி வர வேண்டும், பசுந்தீவனம் கொண்டுவர வேண்டும், எருவை ஏற்றி வயல்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். நாங்கள் மேலே பாடி கட்டுவதற்கான வெறும் சேஸிஸைக் கொண்டுவந்து விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"தளத்துக்கு என்னம்மா போடப்போற? பால் வண்டில எல்லாம் பளபளன்னு அலுமினியம் போட்டிருக்கான், நல்லா இருக்கு."

அலுமினியத்தை நான் அரை நிமிடத்தில் கழித்தேன். பால் கேன் உதைக்காது, மாடு உதைக்கும். இரண்டு மாதத்தில் தளம் அப்பளம் மாதிரி ஆகிவிடும். அது சரியான முடிவுதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். மரத்தை ஒரு நிமிடத்தில் கழித்தேன். கோமியமும் எருவும் ஊறி நாறும், உளுத்துப்போகும், கழுவ முடியாது. ஆகவே இரும்பு. வெறும் தகடு வழுக்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால் செக்கர் பிளேட். பயறு பயறாகப் புடைத்திருக்குமே, அந்தத் தகடு.

"வழுக்காதா?" என்றார் அருள்தாஸ்.

"பஸ் படிக்கட்டுல இதுதான் சார் போடுறோம். மழையில ஒரு கால்ல தொங்கிக்கிட்டுப் போறாங்க. யாராவது வழுக்கி விழுந்து பார்த்திருக்கீங்களா?"

அவர் யோசித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். எனக்கு ஒரே குஷி. நாங்கள் அப்போது பஸ்ஸும் கட்டிக்கொண்டிருந்தோம். பட்டறை முழுக்க செக்கர் பிளேட் மீது அப்படி ஒரு பக்தி.

எதிர்ப்புச் சொன்னவர் ஒரே ஒருவர், மரவேலை மேஸ்திரி ஏகாம்பரம். எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாத மனிதர்.

"தங்கச்சி, மாடு ஏத்துற வண்டிக்கு மரந்தான். சொல்ட்டேன்."

"ஏன் அண்ணே?"

"ஏன்னா? மரந்தான். எங்கப்பன் கட்ன காலத்துலேர்ந்து அப்டித்தான்."

"நீங்க மரத்துக்கு ஏஜெண்டு அண்ணே. தண்ணி லாரிக்கே மரத்துல தொட்டி கட்டலாம்னு சொல்ற ஆளு."

வெல்டிங் பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது ருசியாக இருந்தது. தன் தொழிலுக்குச் சாதகமாகப் பேசுகிற ஆள், சில சமயம் உண்மையையும் பேசுவார் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. அதனால் நான் ஜெயித்தேன்.

சோதனையும் செய்தேன், செய்யாமல் விடவில்லை. தளம் பொருத்தியதும் அதன்மேல் ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீரை ஊற்றி, செருப்புக் காலோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். வழுக்கவில்லை. ஓடினேன். வழுக்கவில்லை. வெல்டிங் பையன்கள் இரண்டு பேர் வெறுங்காலோடு ஏறி ஒரு டப்பாங்குத்தே போட்டார்கள். அவர்களும் விழவில்லை. படத்தில் ஒரு மூலையில் என் பெயரை எழுதினேன். அதன் நகல் ஒன்றை வீட்டுக்கும் எடுத்துப்போனேன். அப்பா அதைக் காலண்டர் பக்கத்தில் தலைகீழாக மாட்டினார். நான் திருப்பி மாட்டிவிட்டு, அடுத்த தெருவரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு, சீக்கிரம் நீங்களே பார்ப்பீர்கள். வண்டி கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால், அது எதைச் சுமக்கப்போகிறதோ அதைக் கொஞ்சம் இங்கேயே ஏற்ற வேண்டும். முதல் ஏற்றம் என்று பெயர். செங்கல் வண்டிக்கு ஒன்பது செங்கல், தண்ணீர் வண்டிக்கு ஒரு குடம் தண்ணீர். ஒருமுறை மேஜை நாற்காலி விற்கிறவரின் வண்டிக்குக் கடைசி நேரத்தில் எதுவும் கிடைக்காமல் முதலாளியின் நாற்காலியையே ஏற்றினார்கள். வண்டி போனது, நாற்காலியும் போனது. இன்றுவரை திரும்பவில்லை.

மாட்டு வண்டிக்கு என்ன ஏற்றுவது? மாட்டைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அருள்தாஸ் தன் பண்ணையிலேயே நல்ல பசுவை ஒரு டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். கறுப்பும் வெள்ளையுமாகக் கலப்பினப் பசு, ஏழு மாதச் சினை. பெயர் ஸ்டெல்லா. சினைப்பசு முதலில் ஏறினால் வண்டி விருத்தியாகும் என்று அவருக்குச் சொன்னது எங்கள் முதலாளி. "அதெல்லாம் நம்ம வழக்கத்துல இல்ல, ஆனா ஸ்டெல்லாவுக்கும் ஒரு மாத்தமா இருக்கட்டும்," என்றாராம் அருள்தாஸ். அவர் ஒரு சின்ன ஜெபம் சொன்னார். எங்கள் ஆட்கள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. முதலாளிக்கு மட்டும் கடிகாரத்தோடு சண்டை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கிறது, அதற்குள் மாடு ஏறியாக வேண்டும்.

பட்டறைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்கு வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து, பின்கதவைப் பாலம் மாதிரி இறக்கினார்கள். மேட்டிலிருந்து நேராக உள்ளே நடந்துவிடலாம். ஸ்டெல்லா நடந்தது. கதவைத் தாண்டியது. முன்னங்கால் இரண்டையும் என் செக்கர் பிளேட் மீது வைத்தது.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கண்ணாடியில் கல் இழுபடுகிற மாதிரி. இரண்டு கால்களும் ஆளுக்கொரு பக்கமாக நகர்ந்தன. பசு மூச்சை ஊதிக்கொண்டு, உடம்பை இழுத்துப் பின்வாங்கி மேட்டுக்குப் போய்விட்டது. மறுபடி கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை வாசலிலேயே நின்று, தளத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. திரும்பிய கையோடு பின்கதவு, தளத்தின் வாசல்பகுதி எல்லாம் நனையும்படி கோமியம் பெய்துவிட்டது. வெல்டிங் பக்கத்திலிருந்து ஒரு குரல், "பூஜை ஓவர்பா!"

"சிரிக்காதீங்கடா," என்று கத்தினார் முதலாளி. "புது எடம், மிரளுது. பின்னால கயித்தப் போட்டு ஆளுக்கொரு பக்கமா இழுங்க. ஒரே தம்ல உள்ள போயிடும்."

ஆறு பேர் வந்துவிட்டார்கள். பசுவின் பின்புறம் கயிறு சுற்றி, பக்கத்துக்கு மூன்று பேராக நின்றார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த எருமை நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கிணற்றடிக்குப் புதிதாகச் சிமெண்ட் பூசி மழமழவென்று தேய்த்திருந்தார்கள். தண்ணீர் காட்ட ஓட்டிவந்த எருமை அதில் வழுக்கி, பின்னங்கால் இரண்டும் அகன்று, அப்படியே உட்கார்ந்தது. எழவில்லை. பத்துப் பேர் மூங்கில் கொடுத்துத் தூக்கியும் எழவில்லை. மூன்றாம் நாள் ஆட்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அப்போது எட்டாவது படித்தேன், முழுக்கப் பார்த்தேன். செருப்புக்கும் குளம்புக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதது இல்லை. படம் வரையும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அது தெருவில் பார்த்தது. புத்தகத்தில் இல்லாததை அந்தப் பலகையில் உட்கார்ந்து நினைப்பது எனக்குக் கேவலமாகத் தோன்றியது போலும்.

நான் பின்கதவு மேல் ஏறி, பசுவுக்கு எதிரே கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, கயித்த உடுங்க. யாரும் இழுக்காதீங்க."

"இன்னாம்மா பண்றே நீ?" என்றார் முதலாளி. "மணி பத்தே கால். எறங்கு."

"சார், உள்ள இழுத்தா கால் விரிஞ்சு விழுந்துடும். சினை மாடு சார்."

"மிரளுதும்மா. மாடுன்னா மிரளத்தான் செய்யும்." இதைச் சொல்லும்போது அவர் மாட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மிரளுது என்று நீயும் சொல்லிவிடு, நானும் சொல்கிறேன், மாடு மறுத்துப் பேசாது என்று அந்தப் பார்வை சொன்னது.

அருள்தாஸ் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி கேட்டார். "நீ சொல்லும்மா. நீதானே படம் போட்ட. மிரளுதா, வேற ஏதாவதா?"

பட்டறை மொத்தமும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. நான் வாயைத் திறந்தால் திங்கட்கிழமை டைப்ரைட்டர். திறக்காவிட்டால் வரைபலகை. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. இதைப் படிக்கிற நீங்கள், நான் உடனே பொங்கி எழுந்து உண்மையைச் சொன்னதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று மூச்சு நேரம் நான் அந்த மாட்டைத் திட்டிக்கொண்டுதான் நின்றேன். ஏறித் தொலைந்தால் என்ன என்று.

பிறகு சொன்னேன். "மாடு மிரளல சார். தளம் தப்பு. நான் போட்டது தப்பு."

முதலில் வாயைத் திறந்தது ஏகாம்பரம்தான்.

"இத்தையே நான் சொன்னப்ப இன்னா சொன்னே? மரத்துக்கு ஏஜெண்டுன்னியே!"

"அண்ணே, அத்த அப்பால பேசிக்கலாம். ஷெட்ல பழைய பலகை எவ்ளோ கீது?"

இரண்டு வருடமாக இந்த இடத்தில் 'இருக்கிறது' என்றே பேசிக்கொண்டிருந்த என் வாயில் 'கீது' வந்ததும் ஏகாம்பரத்துக்கு முகமே மாறிவிட்டது. "கீது, கீது, வண்டி முழுக்க போட்ற அளவுக்குக் கீது," என்று ஓடினார். பிரித்துப்போட்ட பழைய வண்டி ஒன்றின் பலகைகளை நான்கு பேர் தூக்கிவந்து தகட்டின் மேல் குறுக்காகப் பரப்பினார்கள். ஆடாமலிருக்க ஓரத்தில் கட்டையை வைத்து அடித்தார்கள். ரம்பத்தூளை மூட்டையோடு கொட்டி நான் காலாலேயே தள்ளிப் பரப்பினேன். புடவை முழுக்கத் தூள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்தைந்து. தலையில் கை வைத்துக்கொண்டு டயரின் மேல் உட்கார்ந்தார்.

"ராகு வந்துட்டான்யா."

"எனக்கு ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல," என்றார் அருள்தாஸ். "ஸ்டெல்லா, வாம்மா."

யாரும் இழுக்கவில்லை. ஸ்டெல்லா வாசலில் நின்று ரம்பத்தூளை முகர்ந்தது. ஒரு காலை வைத்து, அழுத்திப் பார்த்தது. அடுத்த காலை வைத்தது. சொந்த வீட்டுக்குப் போகிற மாதிரி உள்ளே நடந்துபோய், முன்பக்கம் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தைத் தின்ன ஆரம்பித்தது. ஆட்கள் விசில் அடித்தார்கள். நான் மட்டும் அதன் பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகரவில்லை.

அன்று வண்டி போகவில்லை. பசு மட்டும் டெம்போவில் திரும்பிப் போனது.

திங்கட்கிழமை காலை முதலாளி டைப்ரைட்டரைக் கை காட்டினார். போய் உட்கார்ந்தேன். அழவில்லை, அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எதிரே வந்து நின்று கடிதம் சொன்னார். அருள்தாஸுக்கு இங்கிலீஷில் போக வேண்டிய கடிதம். வண்டியின் தளத்தை வாடிக்கையாளரின் விருப்பத்தின்படி மாற்றித் தருகிறோம் என்று சொன்னார். எங்கள் பட்டறையில் எந்த மாற்றத்துக்கும் காரணம் அதுதான். கதவு கோணலாக இருந்தால்கூட, வாடிக்கையாளர் நேராக விரும்பியதால்தான் திருத்தியிருப்போம்.

நான் அடித்து நீட்டினேன். படித்தார்.

"இன்னாது இது? 'எங்கள் வரைபடத்தில் நேர்ந்த தவறால்'னு அடிச்சிருக்க? நான் இப்டியா சொன்னேன்?"

"அவரு அங்கயே நின்னு கேட்டாரு சார். பட்டறையே கேட்டுச்சு. விருப்பம்னு எழுதினா, மாட்டோட விருப்பமான்னு கேப்பாரு."

முதலாளி பேனாவைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துப் போட்டார். உறையில் வைக்கப்போனவர் நின்றார்.

"புதுத் தளத்துக்குப் படம் எங்க? கடுதாசியோட வெக்கணுமே."

"யாரும் போடல சார்."

"ஏன்?"

"நான் இங்க உக்காந்துகினு இருக்கேன் சார்."

அவர் வரைபலகையைப் பார்த்தார். அதன் மேல் வெல்டிங் பையன்கள் யாரோ சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்தார்கள். "டப்பாவ எடுத்துப்போட்டுட்டு போய் வேலையப் பாரு," என்றார். என்னை மன்னித்தாரா, ஆள் கிடைக்காமல் விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. பலகை கிடைத்தபின் விசாரணை எதற்கு?

புதுத் தளத்துக்கு மருதம் பலகை, இரண்டு அங்குலக் கனம். குறுக்கே கால் ஊன்றக் கட்டைகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் கோமியமும் கழுவின தண்ணீரும் இறங்க இடைவெளி. இந்த அளவுக்கு ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். இடைவெளி எவ்வளவு என்று கேட்டேன். "விரல் போற அளவு," என்றார். யார் விரல் என்று கேட்டேன். தன் விரலையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். அதிகம் விட்டால் குளம்பு மாட்டும். குறைத்தால் சாணம் அடைத்து, நான் பயந்தபடியே மரம் உளுத்துப்போகும்.

பாதி முடித்த படத்தைச் சுருட்டிக்கொண்டு பூந்தமல்லி போய், அங்கிருந்து பஸ் மாறி குத்தம்பாக்கம் பண்ணைக்குப் போனேன். தளத்தின் ஒரு மூலையை நிஜ அளவிலேயே அதில் வரைந்திருந்தேன். ஸ்கேலோடு மாட்டுக் கொட்டகையில் குந்திய என்னைப் பார்த்து அருள்தாஸ் கேட்டார்.

"என்னம்மா, ஸ்டெல்லாவுக்குச் செருப்பு தைக்கப்போறியா?"

"பஸ் படிக்கட்டு மாதிரி ஆயிடக் கூடாது சார். அளந்துடறேன்."

பெரிய மாடு, கன்று, கிடேரி என்று இருபது மாட்டின் குளம்பை அளந்தேன். இரண்டு உதை வாங்கினேன். கடைசியில், படத்தைத் தரையில் விரித்து, நான் போட்ட இடைவெளிக்குப் பக்கத்தில் குளம்பு எப்படி நிற்கும் என்று பார்க்க ஸ்டெல்லாவை ஓர் அடி முன்னே வரவைத்தேன். அது ஓர் அடியோடு நிற்கவில்லை. சாணிக் காலைத் தூக்கி, படத்தின் நட்டநடுவில் வைத்து, நிதானமாகத் தாண்டிப் போனது.

துடைக்கத் துடைக்கப் பரவியது. திரும்ப வரைய இரண்டு நாள் ஆகும், வண்டியோ ஏற்கெனவே தாமதம். குளம்பு இடைவெளியைவிட அகலம், உள்ளே இறங்காது என்பது அந்த அச்சிலேயே தெளிவாகத் தெரிந்தது. அப்படியே கொண்டுவந்தேன். வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். சரிபார்த்தவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதிலிருந்து ஓர் அம்புக்குறி போட்டு, குளம்பு அச்சில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்புக்குறியின் பின்னாலேயே விரலை ஓட்டிப்போனார். அச்சில் வந்து நின்றார். முகர்ந்து பார்த்தார்.

"கையெழுத்து ஒண்ணும் புரியல," என்றார். பிறகு படத்தை மடித்து, மரவேலைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏகாம்பரம், பலகை அறுக்கச் சொல்லு."